பேட்டரி கொளஞ்சியும் பச்சைக் கிருமியும்

நெல்லித்தோப்பில் பேட்டரிக் கடை வைத்திருந்த கொளஞ்சியைப் போல் ஒரு கேள்விக்காரரை என் நர்ஸ் உத்தியோகத்தில் நான் பார்த்ததே இல்லை. ஊசியோடு போய் நின்றால் மற்ற நோயாளிகளின் வீட்டார் "வலிக்குமா சிஸ்டர்?" என்பார்கள். மிஞ்சிப்போனால் "எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்பார்கள். இவர் மட்டும் மருந்துப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உள்ள போயி என்னா வேல செய்யும்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அஞ்சலாட்சி சிஸ்டர் வாயில் விழுந்தால் மீள முடியாது என்று வார்டு முழுக்கப் பெயர் வாங்கியவள் நான். அவர் அந்தப் பெயருக்கும் அஞ்சவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

வில்லியனூர்ப் பக்கத்தில் பயிர்த்தொழில் செய்த வீட்டுப் பிள்ளை அவர். இளவயதில் நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியனுக்குக் கையாளாகச் சேர்ந்து மோட்டாரும் கம்பியும் கற்றுக்கொண்டார். ஆலையில் ஆளைக் குறைத்தபோது, ஊருக்குத் திரும்பி ஏர் பிடிக்க மனமில்லாமல் எழுபத்து நான்காம் வருஷம் கடை போட்டார். லாரி பேட்டரி வரும், டாக்சி பேட்டரி வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் காலம் தள்ளும் சொல்தா ஒருவரின் பழைய பீஜோ காரைப் பாதி வருஷம் அவர் கடை வாசலில்தான் பார்க்கலாம். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. தீபாவளிக்கு எடுத்த சட்டை கார்த்திகைக்குள் சல்லடையாகிவிடும் என்று அவர் மனைவி தனக்கொடி சொல்லிச் சிரிப்பாள்.

அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. செத்த பேட்டரி வந்தால் மேலே உள்ள தாரை உருக்கித் திறப்பார். ஈயத் தகடுகளுக்கு நடுவில், ஒன்றோடொன்று உரசாமல் இருக்கத் தடுப்பு வைத்திருப்பார்கள். அந்தத் தடுப்புகளை எடுத்துக் கழுவி, ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அது குப்பைக்குப் போய்விடும். "தகடு பெருசு இல்ல, நடுவுல நிக்கற தடுப்புதான் பெருசு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம், அவர்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கொதிக்கிற கொப்பரையை இறக்கும்போது பிடித்திருந்த துணி நழுவி, கூழ் தனக்கொடியின் இரண்டு தொடைகளிலும் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் ஓடிவிடும். கேழ்வரகுக் கூழ் ஓடாது, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து வேகவைக்கும். தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. நரம்பில் ஏற்றிய சலைனை நிறுத்திவிட்டு வாய்வழியாகக் குடிக்கச் சொல்லியிருந்தோம். கொளஞ்சி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தார். அப்புறம் ஒரு காலை நான் கட்டைப் பிரித்தேன். துணியில் நீலம் கலந்த பச்சை. கூடவே அழுகத் தொடங்கிய திராட்சை போல ஓர் இனிப்பு வாடை. அந்த வாடை எந்த நர்சுக்கும் தெரியும். தீப்புண்ணில் வந்து உட்கார்ந்தால் ரத்தம் வரைக்கும் போய் ஆளை எடுத்துக்கொண்டுதான் ஓய்கிற கிருமி அது.

கொளஞ்சி எட்டிப் பார்த்தார். "பேட்டரி டெர்மினல்ல பூக்குமே, அதே பச்ச" என்றார். நான் அவரை வெளியே போகச் சொன்னேன்.

எங்கள் வார்டு டாக்டர் கிருஷ்ணசாமி, கொளஞ்சியைவிட வயதில் சின்னவர். வழக்கமான மருந்துகள் இரண்டு போட்டுப் பார்த்தார். காய்ச்சல் அசையவில்லை, பச்சை இன்னும் பரவியது. பாலிமிக்சின் என்ற மருந்துதான் மிச்சம் என்றார். அது எங்களிடம் இல்லை. கொளஞ்சி மெட்ராசுக்குப் பஸ் ஏறிப் போய், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். கொடுத்த கையோடு அவருடைய கேள்வியையும் கேட்டார். "இது உள்ள போயி என்னா வேல செய்யும் சார்?"

அந்த டாக்டருக்குப் பாடம் சொல்ல ஆள் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கிருமிக்கு ஒரு தோல் இருக்கு கொளஞ்சி. தோலுக்கு உள்ள பொட்டாசியம்னு ஒரு உப்பு நெறைய இருக்கும். வெளிய சோடியம், நம்ம சாப்பாட்டு உப்புல இருக்கே, அது நெறைய. ரெண்டும் கலந்து சமமாயிடக் கூடாதுன்னு அந்தக் கிருமி ஓயாம பம்பு போட்டு எறைச்சிக்கிட்டே இருக்கு. தோலுக்கு உள்பக்கம் நெகட்டிவ், வெளிப்பக்கம் பாசிட்டிவ்."

கொளஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பேட்டரியா சார்?"

"பேட்டரிதான்."

"எத்தினி வோல்ட்டு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரு வோல்ட்டுல பத்துல ஒரு பங்கு, கொஞ்சம் மேலயும் இருக்கும். கம்மின்னு நெனைக்காதீங்க. அந்தத் தோலை ஆயிரக்கணக்குல அடுக்கினாத்தான் உங்க தலைமயிர் ஒண்ணோட கனம் வரும். அவ்ளோ மெலிசுக்கு அது பயங்கர வோல்ட்டு. அதே கணக்குல காத்துல ஏத்தினா மின்னல் வெட்டும்."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கா?" என்று கேட்டு கொளஞ்சி வாயைத் திறந்தபடி இருந்தார். மருந்துத் தட்டோடு நின்றிருந்த நானும் அப்படித்தான் நின்றேன். அத்தனை வருஷம் கட்டுப் பிரித்துக் கட்டியிருக்கிறேன், சீழ் என்றால் அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் இத்தனை கோடி மின்னல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

டாக்டர் விடவில்லை. "இந்த மருந்தை நாம கண்டுபிடிச்சோம்னு சொல்றதே தப்பு. மண்ணுல வாழற இன்னொரு கிருமி, தன் எதிரிங்களைக் கொல்லச் செஞ்சு வச்ச ஆயுதம் இது. பத்து மணி கோத்த குட்டி மாலைன்னு வச்சுக்குங்க, ஒரு முனையில எண்ணெய் வால். மணிங்க மேல பாசிட்டிவ். பச்சைக் கிருமியோட தோல் மேல நெகட்டிவ். சொல்லணுமா? இழுத்துப் போயி ஒட்டிக்கும். ஒட்டினதும் வாலைத் தோலுக்குள்ள சொருகும். தோல் நெகிழ்ந்து வழி விட்டுடும். உள்ள சேத்து வச்ச பொட்டாசியம் எல்லாம் வெளிய கொட்டிடும். பம்பு எவ்ளோ எறைச்சாலும் ஈடு குடுக்க முடியாது. உள்ளயும் வெளியயும் ஒண்ணாயிட்டா..."

"டவுனு" என்றார் கொளஞ்சி.

"டவுனுதான்."

கொளஞ்சி பெஞ்சின் மேல் விரலால் ஒரு பேட்டரிப் பெட்டி வரைந்து பார்த்தார். பிறகு, "அந்தப் பொட்டாசியம் வேற எதுல சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"எதுல இல்ல? வாழப்பழத்துல இருக்கு. இளநீர்ல நெறைய இருக்கு." டாக்டர் எழுந்துகொண்டார். "இன்னொண்ணு. இந்த மருந்து கிட்னியைப் பதம் பாக்கும். தண்ணி உள்ள போயி வெளிய வந்துக்கிட்டே இருக்கணும். இளநீர், மோர், கஞ்சித்தண்ணி, எதையாவது குடிக்கக் குடுத்துக்கிட்டே இருங்க."

அன்றே ஊசி தொடங்கினோம். பிட்டத்தில் போடுகிற ஊசி, உயிர் போகிற வலி. தனக்கொடி தலையணையைக் கடித்துக்கொள்வாள். கொளஞ்சி காலையில் இளநீர்க் குலையோடு வருவார், கட்டிலுக்கு அடியில் வெட்டிய காய்கள் கிடக்கும். "குடுத்தீங்களா?" என்று கேட்டால் "ஆச்சு சிஸ்டர்" என்பார். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று மற்றக் கட்டில்காரிகளிடம் நானே சொன்னேன். என் வாயை என்ன செய்வது?

அவர் மனசுக்குள் ஓடியது வேறு கணக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? சார்ஜ் இறங்கின பேட்டரி அவர் கடைக்குத் தினம் வரும். குறைந்த தண்ணீரை ஊற்றுவார், சார்ஜ் ஏற்றுவார், அது எழுந்துகொள்ளும். கிருமியும் பேட்டரி, மருந்து அதை இறக்கிவிட்டது. இறங்கினதன் மேல் பொட்டாசியம் தண்ணீரை ஊற்றினால்? நாமே அதற்குச் சார்ஜ் ஏற்றின மாதிரிதானே! எல்லாருக்கும் சொல்கிற வழக்கத்தில் டாக்டர் இளநீர் என்று சொல்லிவிட்டார், பேட்டரியைப் பற்றி நமக்குத் தெரியாதா என்று கொளஞ்சி எண்ணிவிட்டார். இளநீரையும் மோரையும் வார்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார். பேட்டரிக்கு ஊற்றுவதும் தண்ணீர்தானே என்று, தனக்கொடிக்கு நாக்கு நனைய ஒரு வாய் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. "டாக்டர் கொறைக்கச் சொன்னாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டார். கேள்வி கேட்டே பெயர் வாங்கிய மனுஷன், கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. பதில் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்றால் இதுதான்.

பச்சை குறையத் தொடங்கியது. காய்ச்சலும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. தேன் நிறத்தில் ஒரு டம்ளர் வந்தால் பெரிது. நாக்கு காய்ந்து, கண் உள்ளே போய்விட்டது. சிறுநீரோடு போக வேண்டிய யூரியா ரத்தத்தில் ஏறியிருப்பதாகப் பரிசோதனைச் சீட்டு வந்தது.

மறுநாள் காலை டாக்டர் கட்டிலருகில் நின்று அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார். கொளஞ்சியும் வந்தார்.

"கிட்னியை அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னியோட மருந்தை நிறுத்தியாகணும்" என்றார்.

"நிறுத்தினா?" என்று கேட்டேன். டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கே தெரிந்த பதில்தான். பாதி செத்த பச்சைக் கிருமி மீதியை வைத்துக்கொண்டு எழுந்துவிடும், அதை அடிக்க வேறு மருந்து எங்களிடம் கிடையாது. கொடுத்தால் கிட்னி, நிறுத்தினால் கிருமி. எந்தப் பக்கம் போனாலும் தனக்கொடி இல்லை.

"தண்ணி ஒழுங்காப் போவுதுல்ல சிஸ்டர்?" என்று கேட்டார் டாக்டர்.

"கேக்கணுமா? இவர் இருக்கற வரைக்கும் அந்தக் கொறையே இல்ல. இளநீரா வாங்கிக் குடுக்கறாரு" என்றேன்.

கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வடிந்துபோயிருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மருந்தின் மேல் பழி போயிருக்கும், ஊர் முழுக்க அவரை நல்ல புருஷன் என்றுதான் சொல்லியிருக்கும்.

"நான் குடுக்கல சார்" என்றார். "எல்லாத்தயும் கொட்டிட்டேன்."

ஒன்றும் விடாமல் சொன்னார், பேட்டரி, தண்ணீர், சார்ஜ் எல்லாவற்றையும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் எப்படிப் பொறுத்தேனோ தெரியாது. அப்புறம் பிடித்துக்கொண்டேன். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க, நீ ஒருத்தியைக் கொன்னே முழு வைத்தியன் ஆவப் பாத்தியா? கண்ணுல தண்ணி காட்டாம போட்டு வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. அவர் முகத்தில் உயிர் வந்திருந்தது. "அப்ப கிட்னி கெட்டுப் போகாம இருக்கலாம். வெறும் வறட்சியா இருக்கலாம். சிஸ்டர், சலைன் ஏத்துங்க, ஓடுங்க" என்றார். நான் ஓடினேன். ஊசி சாயங்காலம் வரைக்கும் நிற்கட்டும், சிறுநீர் வந்தால் போடலாம், வராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று முடிவானது.

சலைன் இறங்கத் தொடங்கியதும் டாக்டர் என்னையும் கொளஞ்சியையும் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து மூடியைத் திறக்காமல் காட்டினார். அடியில் ஆறின கஞ்சி போல உறைந்த ஒரு படிவு. அதன் மேல் முழுக்கப் பச்சைக் கிருமி பாசிபோலப் படர்ந்திருந்தது.

"இவங்க புண்ணுலேர்ந்து எடுத்த கிருமி. இந்தக் கஞ்சியில அதுக்கு வேண்டிய சத்து எல்லாம் இருக்கு. உங்க இளநீர்ல இருக்கற பொட்டாசியமும் இருக்கு. இங்க பாருங்க."

தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகித வில்லை ஒட்டியிருந்தது, பாலிமிக்சினில் நனைத்தது. அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் பாசி இல்லை, பச்சை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. அடியில் இருக்கும் சத்து அங்கேயும் அதே சத்துதான். சுற்றிலும் கிருமி தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது, வட்டத்துக்குள் சாப்பாட்டின் மேலேயே செத்துக் கிடக்கிறது.

கொளஞ்சி தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வட்டத்தின் வழியாக வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது.

"சார்ஜ் எறங்கல சார்" என்றார் மெதுவாக. "தடுப்பே போச்சு. தடுப்பு போன பேட்டரிக்கு எவ்ளோ ஊத்தினாலும் எவ்ளோ ஏத்தினாலும் நிக்காது. எனக்கு இது தெரியும் சார். தினம் பாக்கறேன்." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. எனக்குக் கோபம் போய்விட்டிருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மண்ணுக்குள் யாருக்கும் தெரியாமல் எத்தனையோ யுகமாக நடக்கிற சண்டையில் ஒரு துளியைக் கடன் வாங்கித்தான் நாங்கள் மனுஷரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். கும்பிட வேண்டும் போல இருந்தது.

பிற்பகலில், போட்டுவிட்டிருந்த குழாய் வழியாகச் சிறுநீர் வரத் தொடங்கியது. முதலில் சொட்டு, பிறகு ஒழுக்கு, சாயங்காலம் தெளிந்த மஞ்சளில் குடுவை நிறைந்தது. மூத்திரத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட நர்ஸ் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டாக்டர் குடுவையைப் பார்த்துவிட்டு, "இப்ப இளநீர் குடுக்கலாம். ஊசியும் போடுங்க" என்றார். யூரியா இறங்கியது. அடுத்தடுத்த கட்டுகளில் பச்சை ஓரத்துக்கு ஒதுங்கி, ஒரு காலை அடியோடு காணாமல் போய், புண்ணில் செக்கச்சிவந்த புதுச் சதை தெரிந்தது. இடுப்பிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது.

கொளஞ்சி அப்புறமும் கேள்வி கேட்பதை விடவில்லை. எண்பதுகளின் கடைசி வரை அவர் கடைக்குப் போனவர்கள் கிருமித் தோல் கதையைக் கேட்காமல் வண்டியை எடுத்துவர முடியாது. லாரி டிரைவர்கள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்களாம். தான் செய்த தப்பையும் சேர்த்தேதான் சொல்வாராம். ஆனால் ஒருத்தியிடம் மட்டும் அதைச் சொல்ல, ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவருக்கு வாய் வரவில்லை. வார்டு முழுக்கத் தெரியும், என் தொண்டைக்கு மறைவு ஏது? நான் கத்திய அன்று தனக்கொடி வறட்சி மயக்கத்தில் கிடந்ததால் அவள் காதில் விழவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அவள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் மாத்திரைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொளஞ்சி பையைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "தனக்கொடி, தண்ணி கொறைக்கச் சொன்னது டாக்டர் இல்ல. நான்தான்" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ எளநிய எடுத்துக்கினு பின்பக்கம் போறது ஜன்னல்ல தெரியாதா? அப்பவே தெரியும்யா."

"அப்ப ஏன் கேக்கல? சிஸ்டராண்ட சொல்லியிருக்கலாமில்ல?"

தனக்கொடி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "கேட்டா, நீ எனக்குன்னு நெனச்சி வச்சத நானே கெடுத்த மாதிரி ஆயிடும். நீ எதையும் கணக்கு இல்லாம செய்ய மாட்ட. என்னைப் பொழைக்க வைக்கத்தான் செய்யறன்னு கம்முனு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பக்கத்துக் கட்டிலு ஆயம்மா நீ இல்லாதப்ப மோரு நீட்டுச்சு. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கினு கெடக்குது. அதக்கூட வாணாம்னுட்டேன்."

கொளஞ்சி பையைக் கீழே விட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்து, ஒட்டுத்தோல் போட்ட தொடையைத் தொடாமல், கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதார். நான் மாத்திரைகளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.